ரோடு யாருடையது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: நெகிரி செம்பிலானில் பகாவ் பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். ரப்பர் போய் செம்பனை வந்து, கம்பெனியும் கைமாறிவிட்டது. அறுபது குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் இன்றைக்குத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. மற்றவர்களுக்குப் பகாவ் கடைகளிலும் சிரம்பான் ஃபேக்டரிகளிலும் வேலை. ரோடு குண்டும் குழியும். ரோட்டு விளக்கு கிடையாது. லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைத்துக்கொண்டு மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. நகராண்மைக் கழகம் "அது தனியார் நிலம்" என்கிறது. கம்பெனி "ஹெட் ஆபீசைக் கேட்கிறோம்" என்கிறது. பெங்ஹுலு (வட்டாரத் தலைவர்) "உங்களுக்குக் கம்பத்து (கிராமத்து) கமிட்டி இல்லையே" என்கிறார். ஓய்பி (மக்கள் பிரதிநிதி) தீபாவளிக்கு ஹேம்பர் கொடுக்கிறார். பக்கத்துக் கம்பத்தில் எல்லா வசதியும் இருக்கிறது. கம்பங்களுக்கு வரும் அரசாங்கத் திட்டம் எங்களுக்கும் வர யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்? இளைஞர்கள் மறியல் செய்யலாம் என்கிறார்கள், பெரியவர்கள் ஓய்பி காலில் விழலாம் என்கிறார்கள். கோயில் நிலத்துக்கும் என்ன செய்வது?

— ஒரு வாசகி, ஜெம்போல்

வணக்கம் தங்கச்சி,

இதுவரை அனுப்பிய கடிதங்களின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், படித்துப் பார்த்தேன். உங்களுக்குப் பதில் சொன்ன மூன்று பேருமே பொய் சொல்லவில்லை, இதில் எரிச்சலான விஷயமே அதுதான். நகராண்மைக் கழகம் தனியார் நிலத்தில் ரோடு போட்டால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார், லோக்கல் மானேஜருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை, கமிட்டி இல்லாத இடத்துக்குப் பெங்ஹுலுவால் திட்டம் கேட்க முடியாது. மூன்று கதவையும் சரியாகத்தான் தட்டியிருக்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு கதவிலும் அந்த வீட்டுக்காரர் கொடுக்க முடியாததைக் கேட்டிருக்கிறீர்கள்.

நம்ம ஆட்கள் "கவர்மெண்ட்" என்று ஒரே ஆளைச் சொல்வதுபோல் சொல்கிறோம். அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பார்த்தால் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. கம்பத்து ரோடு, கம்பத்து விளக்கு, ஏழைகளுக்கு வீடு என்று காசு வைத்திருக்கும் புறநகர் வட்டார மேம்பாட்டு அமைச்சு கூட்டரசுடையது. லோங்காங், தாமான் (வீடமைப்புப் பகுதி) ரோடு எல்லாம் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றத்தின் வேலை. இந்த மூன்றும் உங்கள் லயத்தில் வந்து சேர வேண்டும் என்றால் முதலில் லயம் நிற்கும் மண் யார் பேரில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் கடிதம் ஒன்றில்கூட லாட் (நிலத் துண்டு) நம்பர் இல்லை.

பக்கத்துக் கம்பத்துக்கு எல்லாம் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டா, 1959க்குப் பிறகு துணைப் பிரதமர் துன் ரசாக் கையில் புறநகர் மேம்பாட்டு அமைச்சு, மாவட்டத்துக்கு மாவட்டம் அந்தச் சிவப்புப் புத்தகம், எங்கே ரோடு எங்கே பாலம் எங்கே கிணறு என்று வரைபடத்தில் குறித்த வேலை எல்லாம் கம்பத்தை மனதில் வைத்துச் செய்தது. கம்பத்தில் நிலம் ஆளாளுக்குச் சொந்தம், இல்லாவிட்டால் அரசாங்க ரிசர்வ், அதனால் காசு இறங்குவதற்குத் தடை இல்லை. தோட்டம் அந்த வரைபடத்தில் ஒரு கம்பெனியின் பெரிய லாட், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் கம்பெனியின் பொறுப்பு என்று வைத்துவிட்டார்கள். வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டாய் (குழந்தைக் காப்பகம்), ஆஸ்பத்திரி எல்லாம் முதலாளி தர வேண்டும் என்று 1966இலேயே ஒரு சட்டம் வந்து, பிறகு 1990இல் அதன் இடத்தில் 446ஆம் சட்டம் வந்தது. கம்பெனி பெரிதாக, தொழிலாளி எல்லாரும் அங்கேயே வேலை செய்த காலத்துக்கு அது ஓரளவு சரி. கம்பெனி விற்றுவிட்டுப் போய், பிள்ளைகள் வெளி வேலைக்குப் போய், ஓய்வு பெற்றவர்கள் லயத்திலேயே தங்கிவிட்டபோது, அந்த ஆட்கள் தொழிலாளியும் இல்லை கம்பத்து மக்களும் இல்லை என்று நடுவில் நின்றுவிட்டார்கள். இது நடக்கும் என்று முன்கூட்டியே பார்த்த ஆள், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, தொழிலாளிகளிடமிருந்து மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவோம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

சரி, வேலைக்கு வருவோம். அரசாங்க உதவியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வரும் உதவி ஒன்று, இடத்துக்கு வரும் உதவி ஒன்று. ஆளுக்கு வருவதற்கு நிலம் யாருடையது என்பது பொதுவாக ஒரு பொருட்டில்லை. தனியாக இருக்கும் பாட்டிக்குச் சமூகநலத் துறை கொடுக்கும் மாதப் பணம், பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டு) குடும்பத்துக்கு வரும் ரொக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளி உதவி எல்லாம் இந்த வகை. இதில் பலவற்றுக்கு இ-காசே பதிவு கைகொடுக்கும். பிரதமர் துறையின் கீழ் ஒருங்கிணைப்புப் பிரிவு வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களின் பட்டியல் அது. உங்கள் லயத்தில் எத்தனை குடும்பம் அதில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி இருந்தால் நான் ஆச்சரியப்படுவேன். 2022 கணக்குப்படி நாட்டின் சராசரி வறுமைக்கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. இடத்துக்கு இடம், குடும்பத்தின் அளவுக்கு ஏற்ப இது மாறும், ஆனாலும் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 என்று இருக்கும்போது, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே கணக்குப் போடலாம். "நாங்கள் அவ்வளவு ஏழை இல்லை" என்று ரோஷப்பட்டுப் பதியாமல் இருக்கும் வீடுகள் தோட்டத்தில்தான் அதிகம். வறுமைப் பட்டியலில் பேர் ஏறுவது அவமானம் இல்லை, பட்டியலில் ஆள் இல்லாத இடத்துக்கு மாவட்டத்தில் யாரும் திட்டம் போட மாட்டார்கள் என்பதைப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் இருந்தால் தனியாக எழுதி வையுங்கள், அவர்கள் பேப்பர் சரியாகாமல் மற்ற எதுவும் நகராது.

இடத்துக்கு வரும் உதவிதான் உங்களுக்குச் சிக்கல். ரோடு, விளக்கு, லோங்காங், மண்டபம் எல்லாம் இந்த வகை. இங்கே முதல் வேலை மாவட்ட நில அலுவலகத்தில் சாரியான் எடுப்பது. பண்டார் ஸ்ரீ ஜெம்போலுக்குப் போய் கவுண்டரில் லாட் நம்பரும் முக்கிமும் (மாவட்டத்தின் உட்பிரிவு) சொல்லி, சிறு கட்டணம் கட்டினால் அந்த நிலத்தின் பதிவு விவரம் கையில் வரும். அந்தக் கிராண்டு (நிலப் பட்டா) விவரத்தில் பேர் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். நிலப் பயன்பாட்டு வகை என்ன, விவசாயமா கட்டடமா? நிபந்தனை என்ன எழுதியிருக்கிறது? வங்கிக்கு அடமானம் இருக்கிறதா, கேவியட் (கைமாற்றத் தடை) போட்டிருக்கிறார்களா? லாட் நம்பர் தெரியாது என்றால் கம்பெனியின் நில வரி பில்லில் இருக்கும், அதுவும் கிடைக்காவிட்டால் கைப்பேசி வரைபடத்தில் லயத்தைக் குறித்து எடுத்துக்கொண்டு போய் அங்கேயே கேளுங்கள், பிளானைத் திறந்து காட்டுவார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. லயம் நிற்கும் நிலமும், லயத்துக்கு வரும் ரோடும் ஒரே லாட்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரதான சாலையிலிருந்து உங்கள் கோயில் வரை வரும் துண்டு அரசாங்க ரிசர்வாக இருக்கலாம், அதற்கப்புறம்தான் கம்பெனி நிலம் தொடங்கலாம். நீங்களோ மொத்த ரோட்டுக்கும் சேர்த்துக் கடிதம் எழுத, அவர்களும் மொத்தத்துக்கும் சேர்த்துத் "தனியார் நிலம்" என்று பதில் எழுதிவிடுவார்கள். துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ரிசர்வாக இருக்கும் துண்டு மாரிஸ் பதிவில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு வருடா வருடம் கொடுக்கும் மானியம் இந்தப் பதிவில் உள்ள நீளத்தை வைத்துத்தான் கணக்காகிறது. பதிவில் இல்லாத ரோட்டுக்கு ஒரு காசும் வராது, வராத காசில் யாரும் தார் போட மாட்டார்கள். ஆகவே ரிசர்வ் துண்டுக்கு நீங்கள் கேட்க வேண்டியது "ரோடு போடுங்கள்" என்பதல்ல, "இதை மாரிஸில் சேருங்கள்" என்பது. ஒரு தடவை சேர்ந்துவிட்டால் பராமரிப்புக் காசு வருடா வருடம் கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

கம்பெனி நிலத்தில் இருக்கும் துண்டுக்கு இரண்டு வழி. அந்த ரோட்டை அரசாங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்பது ஒன்று, அது நீண்ட வேலை, கம்பெனி லேசில் சம்மதிக்காது. இன்னொன்று, நில உரிமையாளரின் அனுமதிக் கடிதம். விளக்குக் கம்பம் நடவோ குழாய் போடவோ ரோட்டைச் சீர் செய்யவோ ஆட்சேபனை இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால், எத்தனையோ சின்னத் திட்டங்கள் அந்தக் கடிதத்தின் பலத்தில் நடந்துவிடும். ஹெட் ஆபீஸ் ஏன் இழுக்கிறது என்றால், எதையாவது கொடுத்தால் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பார்களோ என்று அவர்கள் வக்கீலுக்குப் பயம். அதனால் "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்காமல், எந்த இடத்தில் எத்தனை விளக்கு என்று குறித்து, அனுமதிக் கடிதத்தின் வரைவை நீங்களே மலாயில் எழுதிக்கொண்டு போங்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்கிற நிலையில். பதிலுக்கு அவர்கள் உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் அங்கேயே போட்டுவிடாதீர்கள். "எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, எப்போது சொன்னாலும் காலி செய்வோம்" என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கும். சட்ட உதவித் துறையில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போடுங்கள்.

லோங்காங் விஷயத்தில் ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் எங்கே போய் முட்டுகிறது என்று நடந்து பாருங்கள். அடைப்பு பெரும்பாலும் லயத்தில் இருக்காது, கீழே செம்பனைக் காட்டுக்குள் ஓலையும் சேறும் சேர்ந்து நிற்கும் பள்ளத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ரோட்டைக் கடக்கும் அந்த ஒற்றைக் குழாயில். காட்டுக்குள் என்றால் கம்பெனி, ரோட்டுக் குழாய் என்றால் ரோடு யாருடையதோ அவர்கள், ஆற்று ரிசர்வ் என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. லயத்திலேயேதான் அடைப்பு என்றால் உங்களிடம் நல்ல சீட்டு ஒன்று இருக்கிறது: பாதிப் பேர் இல்லாவிட்டாலும் கொஞ்சம் பேராவது இன்னமும் தோட்டத்து வேலையில் இருக்கிறார்கள். 446ஆம் சட்டப்படி தொழிலாளி குடியிருக்கும் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் சரியாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. வேலையில் இருக்கும் ஒருவர் பேரில், போட்டோவோடு, மனிதவளத் துறையின் தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் போகட்டும். அவர்கள் வந்து பார்க்கலாம், கம்பெனிக்கு உத்தரவு போடலாம். ஓய்வு பெற்றவர் பேரில் போட்டால் இந்தச் சட்டம் நிற்காது, அதைக் கவனியுங்கள்.

பெங்ஹுலு சொன்ன கமிட்டி விஷயத்தில் கோபப்படுவதற்கு முன், உங்கள் லயம் ஏற்கெனவே ஏதாவது ஒரு ஜேபிகேகே (கம்பத்து மேம்பாட்டு, பாதுகாப்புக் கமிட்டி) எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். வரைபடத்தில் பக்கத்துக் கம்பத்துக் கமிட்டியின் எல்லைக்குள் தோட்டமும் சேர்ந்தே கிடக்கலாம், அங்கே உள்ளவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அப்படியிருந்தால் அந்தத் தலைவரைப் போய்ப் பார்த்து, உங்கள் ஆள் ஒருவரை உறுப்பினராகப் போடச் சொல்லுங்கள், கூட்டக் குறிப்பில் உங்கள் ரோடு ஏறட்டும். மாவட்ட அலுவலகத்தில் பேசப்படுவது குறிப்பில் ஏறியதுதான். இல்லை என்றால் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு), அல்லது சங்கப் பதிவிலாகாவில் குடியிருப்பாளர் சங்கம். ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். மித்ரா (இந்தியர் உருமாற்றப் பிரிவு) மாதிரி இடங்களில் மானியம் கேட்கப் பதிவும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள், தனி ஆள் பேருக்குக் காசு வராது. தலைவர் யார் என்று சண்டை போட்டு மூன்று சங்கமாகப் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்களில் லோங்காங்கைவிட இதுதான் அதிகம் அடைத்துக்கொள்கிறது.

எந்தக் கடிதத்துக்கும் முன்னால் ஒரு வேலை. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வீடு வீடாகப் போங்கள், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளை அனுப்பினால் இன்னும் நல்லது. வீட்டு எண், குடும்பத் தலைவர், எத்தனை பேர், வயது, ஐசி நிறம், தோட்டத்தில் வேலையா வெளி வேலையா, மாத வருமானம், எந்த வருடத்திலிருந்து இங்கே இருக்கிறார்கள், இ-காசேயில் இருக்கிறார்களா, தண்ணீர் மீட்டர் தனியா கம்பெனி மீட்டரா, பழைய சம்பளச் சீட்டு, வேலை அட்டை ஏதாவது வைத்திருக்கிறார்களா. அந்தப் பழைய சீட்டுகளை உடனே போட்டோ எடுத்து வையுங்கள், கரையான் காத்திருக்காது. உங்களிடம் இந்த நோட்டு இருந்தால் அதிகாரி உங்களோடு பேசும் விதமே மாறும். "ரொம்பக் கஷ்டப்படுகிறோம்" என்று எழுதிய மனு ஃபைலுக்குப் போகும், "61 வீடு, 240 பேர், அதில் 38 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்" என்று எண்ணோடு எழுதினால் அதை அப்படியே அவர் தன் அறிக்கையில் போட்டுக்கொள்ளலாம் (எண்கள் உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் நோட்டில் என்ன வருகிறதோ அதை எழுதுங்கள்). கடிதம் மலாயில், ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம், லாட் நம்பர், ஒரு பக்க வரைபடம், இரண்டு போட்டோ. உங்கள் போன கடிதத்தில் ரோடு, கோயில், பந்துத் திடல், ஸ்கூல் பஸ், வீடு பழுது எல்லாம் ஒன்றாக இருந்தன. அதைக் கையில் வாங்கிய குமாஸ்தா எந்த மேசைக்கு அனுப்புவார்? இன்னொன்று, மாவட்டத்தின் அடுத்த வருடத் திட்டப் பட்டியல் முந்தின வருடத்திலேயே கட்டப்படுகிறது. தீபாவளி நேரத்தில் ஞாபகம் வந்து கேட்டால் கடைசி நேரத்தில் மிச்சமிருக்கும் சில்லறைதான் கிடைக்கும்.

இதுவரை சொன்னது இன்றைய ரோட்டுக்கு. எனக்கு உங்கள் கடிதத்தில் பயமாக இருந்த இடம் வேறு, "கம்பெனியும் கைமாறிவிட்டது" என்று போகிறபோக்கில் எழுதிய வரி. அடுத்த தடவை கைமாறும்போது வாங்குகிறவர் செம்பனைக்காக வாங்கமாட்டார். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ பிரிக்கவோ தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவின்படி மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், கட்ட ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். கம்பெனி அரசாங்கத்திடம் கை நீட்டி நிற்கும் நேரம் இது ஒன்றுதான், தொழிலாளர் வீடு கட்டிக் கொடு என்று நிபந்தனை போட முடிகிற நேரமும் இதுதான். அனுமதி கொடுத்து முடிந்தபிறகு மறியல் செய்தால் பேப்பரில் போட்டோ வரும், வேறொன்றும் வராது. ஆகவே இப்போதே, எதுவும் நடக்காதபோதே, "இந்த லாட்டில் இத்தனை குடும்பங்கள் இத்தனை வருடமாக இருக்கிறோம், நிலம் தொடர்பாக எந்த மனு வந்தாலும் எங்களைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்" என்று மாவட்ட நில அலுவலகத்துக்கும் மாநில நிலச் சுரங்க அலுவலகத்துக்கும் எழுதி, நகலில் சாப் (முத்திரை) வாங்கி வையுங்கள். சட்டப்படி இது அவர்களைக் கட்டிப்போடாது, ஆனால் "அங்கே ஆள் இருப்பது தெரியாது" என்று யாரும் பிறகு சொல்ல முடியாது.

மாவட்ட உள்ளூர்த் திட்டம் என்று ஒன்று உண்டு, 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வருவது. அதைத் தயாரிக்கும்போதும் திருத்தும்போதும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்டே ஆக வேண்டும். அந்தக் கண்காட்சிக்குத் தாமான்காரர்கள் வருவார்கள், டெவலப்பர் தன் ஆட்களை அனுப்புவார், தோட்டத்து ஆட்கள் வந்து நான் பார்த்தது அபூர்வம். வரைபடத்தில் உங்கள் லயம் விவசாய நிறத்தில் இருந்தால், காகிதத்தைப் பொறுத்தவரை அங்கே வீடே இல்லை. குடியிருப்பு என்று குறிக்கச் சொல்லி ஆட்சேபனைப் பாரத்தில் எழுதிக் கொடுங்கள், விசாரணைக்குக் கூப்பிட்டால் நோட்டோடு போங்கள்.

இதைச் செய்யாமல் விட்டால் என்னாகும் என்பதற்கு சிலாங்கூரில் டிங்கில் பக்கம் ஒரு நடை போய்வரலாம். புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்து மண்ணில். அங்கிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கிளம்பிய குடும்பங்களைத் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கட்டடம் விரிசல் விட்டது, தரைவீடு கேட்டு அந்த மக்கள் வருடக் கணக்கில் அலைந்தார்கள். அதனால் யாராவது வந்து "ஃபிளாட் தருகிறோம், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். ஹுலு சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் தரைவீட்டுக்காகவே ஒரு தலைமுறைக் காலம் விடாமல் நின்றார்கள்.

மறியலா, கும்பிடா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் இன்னும் நேரம் வரவில்லை. ஓய்பியைப் பாருங்கள், ஆனால் ஹேம்பருக்கு நன்றி சொல்லிவிட்டு, மாவட்டக் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை, லாட் நம்பரோடு, அரைப் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். இளைஞர்களுக்கு நோட்டைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புங்கள், கோபம் நல்ல வேலைக்கு ஆகும்.

கோயில் நிலத்தைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதற்கும் சாரியான் எடுத்துவிட்டு எழுதுங்கள். அது லயத்து லாட்டிலேயே இருக்கிறதா தனி லாட்டா என்று தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் தப்பாகப் போகும். சாரியான் நகலையும் நோட்டின் முதல் நான்கைந்து பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், எந்தத் துண்டுக்கு யாருக்கு எழுதுவது என்று கடித வரைவோடு பதில் போடுகிறேன்.